பாபின் டப்பாவில் மாத்திரை

என் ஓரகத்தியை எங்கள் சட்டைக் கம்பெனியின் தையல் லைனில் எல்லோரும் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் முடித்த சட்டைக்குக் கை தைப்பவள் நான். வீட்டிலும் அவள் மூத்த மருமகள், நான் இளையவள். என் தலையெழுத்து, பதினெட்டு வருஷமாக அவள் முதுகைப் பார்த்தே தைத்தேன்.

போன வருஷம் அவளுக்கு மாரடைப்பு வந்தது. சர்க்கரை அதற்கு முன்பே உண்டு. பிழைத்து எழுந்தபோது இதயத்தின் பலம் பாதியாகிவிட்டது என்றார்கள். டாக்டரம்மா புது மாத்திரை ஒன்று எழுதினார். அது சர்க்கரையை மூத்திரத்தில் வெளியே தள்ளும், இதயத்தின் பாரத்தையும் குறைக்கும், ஒரு நாளும் விடாமல் போட்டால் கொஞ்சம் தேறலாம் என்றார். ஆனால் அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டி வரும் என்றும் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் லைனில் நாற்பது பேர். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு அட்டை. சூப்பர்வைசர் மேஜையிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகணும். திரும்பி வந்து வைத்தால்தான் அடுத்த ஆள் போகலாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. அவள் எழுந்து போனால் எனக்குத் துணி வராது, என் கணக்கு குறையும், ஏச்சு எனக்கு விழும்.

ஒரு நாள் நாலாவது முறையாக அவள் அட்டையை எடுத்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்னக்கா, அங்கேயே ஒரு மெஷின் போட்டுத் தரச் சொல்லவா?" என்றேன். லைனே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் அதோடு மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் அட்டைப் பக்கமே போகவில்லை. உடம்பு தேறிவிட்டது என்று வீட்டில் போய்ச் சொன்னவளும் நான்தான், அறிவு கெட்டவள். அவளுக்குக் கால் வீங்கியது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் வீங்காதா என்றாள். படிக்கட்டில் நின்று நின்று ஏறினாள். அவள் புருஷன், எங்கள் மூத்தார், தினமும் காலையில் மாத்திரையைக் கையில் கொடுப்பார். வேலை நாளில், சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று அதைப் பைக்குள் வைப்பாள்.

மாரடைப்பு வந்த எட்டாவது மாதம் மெஷின் மேலேயே சரிந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அவள் சாமான்களை எடுத்து வைக்க நான் இழுப்பறையைத் திறந்தேன். மெஷினுக்கு அடிநூல் சுற்றி வைக்கும் பாபின் டப்பா கனத்தது. உள்ளே பாபின்களுக்கு நடுவே மாத்திரைகள், கை நிறைய.

ஆஸ்பத்திரியில் மூத்தார் டாக்டரம்மாவிடம் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார், தினமும் தானே கையில் கொடுத்ததாக. நான் டப்பாவை மேஜைமேல் வைத்தேன். மனுஷர் மூடியைத் திறந்து மாத்திரைகளை எண்ண ஆரம்பித்தார். இதயத்தின் பலம் கால்வாசிக்கு இறங்கிவிட்டது, இனிப் பழையபடி ஆகாது என்றார் டாக்டரம்மா. மாத்திரை போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அழுதேன்.

"லீவு நாள்ல போட்டேன்டி, ஒண்ணுகூட விடல," என்றாள். "வேலை நாள்ல போட்டா உனக்குல்ல துணி நிக்குது."

இப்போது அவள் வேலைக்கு வருவதில்லை. நான் கிளம்புவதற்கு முன் மாத்திரையை அவள் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுக்கிறேன். கட்டிலிலிருந்து கழிப்பறை பத்தடி தூரம். யாரிடமும் அட்டை கேட்க வேண்டாம். அந்தப் பத்தடியை அவளால் ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. நடுவில் உட்கார ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.