கொடிமரத்துக்கு அந்தப் பக்கம்

செக் நாட்டில் வேலை பார்க்கும் என் மகன், அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னான். நான் கேட்ட முதல் கேள்வி, "சாமி கும்பிடுவாளா?" என்பதுதான்.

"மதம்லாம் ஒண்ணும் கெடையாதும்மா அவளுக்கு" என்றான்.

அடுப்பில் தோசை கருகுவதுகூடத் தெரியாமல் துள்ளிக் குதித்தேன். தென்காசியில் எங்கள் தெருவில் சாமி இல்லை என்று சொல்லுகிற ஒரே பொம்பளை நான். எனக்கு ஒரு கூட்டாளி கடல் தாண்டி வருகிறாள் என்றால் சும்மாவா!

வீட்டில் என் கணவர்தான் எதிர்க்கட்சி. நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் கல்யாணம் என் அப்பா சொன்னபடி சுயமரியாதைத் திருமணமாக மண்டபத்தில், வேண்டுமென்றே ராகுகாலத்தில், மைக்கில் மூன்று பேர் முழங்க நடந்தது. அன்றைக்கே இவர் என் காதில் ஒரு கண்டிஷன் போட்டார். நமக்குப் பிறக்கிற பிள்ளையாவது இலஞ்சிப் பக்கம் உள்ள அவர்கள் குடும்பத்து முருகன் கோயிலில் தாலி கட்ட வேண்டும். பிள்ளையே பிறக்கவில்லை, என்ன போச்சு என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன். இப்போது மாட்டிக்கொண்டேன். வருகிறவளே மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என் தலை தப்பிக்கும்.

நல்ல சாரல் நேரத்தில் வந்து இறங்கினாள். மகனிடம் கற்ற எங்கள் ஊர்த் தமிழை வெள்ளைக்கார வாயால் பேசியதைக் கேட்டுத் தெருவே சொக்கிப்போனது. ஐந்தருவிக்குக் கூட்டிப்போனோம். எண்ணெய் தேய்த்த பொம்பளைகள் கூட்டத்துக்குள் புகுந்து அருவியில் அவள் போட்ட கூச்சலில் எனக்கே இருபது வயது குறைந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்ததும் மெல்ல ஆரம்பித்தேன்.

"கடவுள் இல்லைன்னு சொல்லுதவதான நீ?"

"எங்கிட்ட அப்படி யாரும் கேட்டதே இல்ல அத்தை. எங்க ஊர்ல கேக்க மாட்டாங்க."

அவள் அப்பா அம்மாவும் அப்படித்தானாம். சர்ச்சுக்குப் பாட்டுக் கச்சேரி கேட்கப் போவார்களாம். "நான் கிரிக்கெட்கூட பாக்க மாட்டேன். அதுக்காக மைதானத்து வாசல்ல நின்னு சண்டையா போடுதேன்?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முருகனுக்கு எத்தனை முகம், எத்தனை பெண்டாட்டி, சூரசம்ஹாரம் என்றைக்கு, எல்லாம் எனக்கு அத்துப்படி. தெரியாமல் எப்படிச் சண்டை போடுவது? இவளுக்கு அந்த ஆளோடு அறிமுகமே கிடையாது.

"மாமா கல்யாணத்தைக் கோயில்ல வைக்க ஆசைப்படுதாங்க. வைக்கட்டுமே, நல்லாருக்கும்லா?" என்றாள். என் கணவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே!

"சரி, நேரமாவது ராகுகாலமா இருக்கட்டும்" என்று எழுந்து கடையில் தொங்கிய நாள்காட்டியைப் பார்க்கப் போனேன்.

"நீங்களும் காலண்டர் பாத்துதான் நேரம் குறிப்பீங்களா அத்தை?"

நாள்காட்டியை விட்டுவிட்டுப் பஜ்ஜித் தட்டுக்கே திரும்பினேன். என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான், தறுதலை.

மறுநாள் காலையில் கல்யாணத்துக்கு நாள் கேட்கக் கோயிலுக்குப் போனார்கள். நான் வழக்கம்போல வெளியே பூக்கடைப் பக்கம் நின்றேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று பலகை இருக்கிறதாம். பிறந்ததிலிருந்து போகிற மனுஷன், அதை ஒரு நாளும் படித்ததில்லை. இந்து என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஆகும் என்றிருக்கிறார்கள் கோயில்காரர்கள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவள் அங்கேதான் நின்றுவிட்டாள்.

"சும்மா சொல்லும்மா" என்று இவர் வாசலில் வைத்தும் கெஞ்சினார்.

"சாமி முன்னால பொய் சொல்லச் சொல்லுதீங்களா மாமா?"

பக்தர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். தென்காசியில் பதிவுத் திருமணம், வீட்டில் தாலி என்று முடிவாயிற்று. வாயே திறக்காமல் ஜெயித்துவிட்டேன். ஆனால் இவர் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு, "பிள்ளைக சந்தோசமா இருந்தாப் போதும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னபோது எனக்கு அந்த ஜெயம் கசந்தது. திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம்.

அவள்தான் அடுக்களைக்கு வந்தாள். "தாலியை சாமிகிட்ட வச்சு எடுத்துட்டு வரலாம்லா? மாமா கூட நீங்க போங்க. சாமியே இல்லைங்கிற உங்களை உள்ள விடுதாங்க, ஒண்ணுமே சொல்லாத என்னைத்தான் விட மாட்டேங்குதாங்க."

வாஸ்தவம். என் சர்டிபிகேட்டில் இந்து என்றுதானே இருக்கிறது. "செத்தாலும் போக மாட்டேன்" என்று கரண்டியை வீசினேன்.

கல்யாணத்தன்று காலையில் எல்லோரும் கோயில் வாசலுக்குப் போனோம். பிள்ளைகள் இரண்டும் பட்டு உடுத்திக் கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். இவர் தாலித் தட்டோடு தனியாக உள்ளே நடந்தார். தட்டிலிருந்த தேங்காய் உருண்டு விழப் பார்த்தது. வாசலிலேயே நின்று பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பை உதறிவிட்டு ஓடினேன்.

"ஏட்டி, நீ எங்க வார?"

"தட்டைத் தாங்க. கீழ போட்டுருவிய."

பின்னாலிருந்து அவள் விசிலே அடித்தாள்.

சன்னதியில் அர்ச்சகர் என்னைப் பார்த்துவிட்டு, "இவங்க...?" என்று இழுத்தார்.

"எம் பொஞ்சாதி!" இவர் சொன்னது பிராகாரம் முழுக்கக் கேட்டிருக்கும்.

தாலியை வாங்கிப் பாதத்தில் வைத்தார்கள். மணி அடித்தது. எல்லோர் கையும் தலைக்கு மேலே போனது. என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழித்தேன். இவர் குனிந்து, "நீ கும்பிட வேண்டாம்ட்டி. சும்மா எம் பக்கத்துல நில்லு" என்றார். சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீரோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் நான்தான் விலாவில் இடித்தேன். "என்னைய என்ன பாக்கிய? அங்கன பாருங்க, தீபாராதனை காட்டுதாக!"

அவர் திரும்பவே இல்லை.