உயிரோடு விலகிய அங்கத்தவர்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடிக்குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வாழ்ந்த சிவமணி, கப்பற் கம்பனியொன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பெண்மணி. அத்தனை ஆண்டுகளிலும் தம்மால் ஒரு கடிதமேனும் பிந்திப் போனதில்லை என்று சொல்லிக்கொள்வார். யாரும் கேளாமலே சொல்லிக்கொள்வார். ஓய்வுக்குப் பின் அவர் மரண சகாய சங்கமொன்றில் முழு மூச்சாக இறங்கினார். அங்கத்தவர் ஒருவர் இறந்தால் மற்றவர்களுக்கு அறிவிப்பதும், செத்தவீட்டுக்குக் கதிரைகள் அனுப்புவதும், சங்கத்தின் பெயரால் மலர்வளையம் வைப்பதும் அதன் பணிகள். வெள்ளவத்தை தொடக்கம் கொட்டாஞ்சேனை வரை முந்நூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவர்கள் இருந்தனர்.

அவருக்கு முன் செயலாளராக இருந்த சத்தியநாராயணன், ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துத் துக்கம் சொல்பவர். ஒருமுறை தெஹிவளையில் இறந்த அம்மையார் ஒருவரின் செய்தி, பொரளை மயானத்தில் தகனம் முடிந்த பின்னரே பாதிப்பேரை எட்டியது. பொதுக்கூட்டத்தில் சிவமணி எழுந்தார்.

"ஐயா, நீங்கள் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எட்டாம் நாள் படையலும் முடிஞ்சிடும் போல கிடக்கு."

கூட்டம் சிரித்தது. சத்தியநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த ஆண்டு, அதாவது இரண்டாயிரத்துப் பதினெட்டில், செயலாளர் பதவி சிவமணிக்கு வந்தது.

வந்ததும் பெயர்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றினார். முன்பு கப்பற் கம்பனிக் கந்தோரில் அவரோடு வேலை செய்த புவாத் அதற்கு உதவினார். குறுஞ்செய்தி, வாடகைக் கதிரைக்காரருக்கு அறிவித்தல், பூக்கடைக்கு அறிவித்தல் ஆகிய மூன்றும் தாமாகவே நடக்கும்படி அவர் ஒழுங்கு செய்து கொடுத்தார்.

"எப்ப தொடங்கணும் எண்டு மட்டும் நீங்க சொல்லுங்க அக்கா. அந்த நிபந்தனை பிழைச்சா மிச்சமெல்லாம் பிழைக்கும்" என்றார் புவாத்.

"பட்டியலிலயிருந்து பேரை எடுத்தவுடன தொடங்கட்டும்."

"அதோட, இறந்த திகதியும் போட்டிருந்தா மட்டும் எண்டு ரெண்டாவது நிபந்தனை ஒண்டு வைப்பமே. இல்லாட்டி, அனுப்ப முந்தி உங்கள்ட்ட ஒருக்காக் கேக்கட்டும்."

"என்னட்டக் கேட்டுக்கொண்டு நிண்டா நானும் சத்தியநாராயணனும் ஒண்டெல்லே! நாப்பது வருசமா இந்தச் சங்கத்திலயிருந்து ஆர் உயிரோட போனது, சொல்லும் பாப்பம்?"

"நான் மெம்பரே இல்லையே அக்கா, எனக்கெப்பிடித் தெரியும்" என்று சிரித்துவிட்டு, புவாத் அவர் சொன்னபடியே செய்தார்.

சிவமணி சொன்னதில் பொய் இல்லை. கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள்கூடத் தங்கள் பெயரை வெட்டுவிக்கவில்லை. மரணச் சங்கத்தில் தன் பெயரைத் தானே வெட்டச் சொல்வது, எமனுக்கு விலாசம் கொடுப்பதுபோல என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆகையால் பட்டியலிலிருந்து போவதென்றால் உலகத்தை விட்டுப் போவதுதான். பதினொரு மரணங்கள் ஒரு நிமிடப் பிசகுமின்றி அறிவிக்கப்பட்டன. சிவமணியை எல்லோரும் மெச்சினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து பொன்னம்பலம் அழைத்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர், எண்பத்திரண்டு வயது.

"பிள்ளை, நான் ஹெந்தளைக்குத் தங்கச்சியோட போய் இருக்கப் போறன். அங்கையும் இப்பிடியொரு சங்கம் இருக்குதாம், என்னைச் சேர்த்துப்போட்டினம். ரெண்டு இடத்திலை சாக ஏலாதெல்லே? என்ர பேரை வெட்டிவிடும்."

சிவமணி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்பே கணினியைத் திறந்து, பெயரை எடுத்துவிட்டார். பிறகு தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் கொதிக்கவில்லை; கைபேசி ஒலித்தது.

‘எமது சங்கத்தின் மூத்த அங்கத்தவர் திரு. பொன்னம்பலம் அவர்கள் இன்று இறைபதம் அடைந்தார் என்பதை ஆழ்ந்த துயருடன் அறியத்தருகிறோம்.’

அது அவரே பார்த்துப் பார்த்து அமைத்த வாக்கியம். அதில் ஒரு பிழையும் இல்லை. சிவமணி பொன்னம்பலத்தின் வீட்டுத் தொலைபேசியை அழைத்தார், யாரோ பேசிக்கொண்டிருந்ததால் இணைப்புக் கிடைக்கவில்லை. கைபேசி இடைவிடாமல் அதிரத் தொடங்கியது. அவர் முந்நூறு பேருக்கும் அவசர அவசரமாக ஒரு திருத்தம் அனுப்பினார்: ‘முன்னைய செய்தி தவறானது. கணினியை ஒழுங்கு செய்தவரின் கவனயீனத்தால் ஏற்பட்டது. வருந்துகிறோம்.’ அதை எழுதும்போது அவருக்குக் கை கூசவில்லை. முச்சக்கரவண்டியில் ஏறி, காலி வீதி நெரிசலில் நின்றபோதுதான் கூசியது. அங்கே புவாத்தின் செய்தியும் வந்தது.

‘அக்கா, உங்கட திருத்தத்தை மெம்பர் ஒருத்தர் எனக்கு அனுப்பினாரு. நான் என்ன பிழை விட்டேன்? எந்த இடம் எண்டு சொல்லுங்க. லீவு போட்டுட்டு வாறன்.’

சிவமணி கைபேசியைக் கைப்பையின் அடியில் வைத்து மூடினார்.

கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலத்தின் வாசலில் கதிரைகள் இறக்கியாயிற்று. அவற்றில் ஒன்றில் பொன்னம்பலமே அமர்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஒஸ்வால்ட் கையில் மெழுகுதிரிப் பொதியுடன், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். கதிரைக்காரர் பௌஸி சிவமணியைக் கண்டதும் ஓடிவந்தார்.

"மிஸ், செத்தவரே வந்து கையெழுத்துப் போட்டு எடுத்தாரு! என்ட தொழில்ல இதான் முதல் தரம்."

பொரளைப் பூக்கடைப் பீற்றர் அனுப்பிய மலர்வளையம் சுவரில் சாய்ந்திருந்தது. ஊதா நாடாவில் பொன்னம்பலத்தின் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"வாரும் பிள்ளை, இரும். பூ நல்லாத்தான் கிடக்கு" என்றார் பொன்னம்பலம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் புவாத்தை ஏசாதையும். பாவம், பிள்ளைகுட்டிக்காரன். சத்தியநாராயணன் இப்பதான் கதைச்சவர். கமிட்டி கூடி, இனி அந்தாளை இந்தப் பக்கம் எடுக்கிறேல்லை எண்டு முடிவெடுக்கப் போகுதாம்."

திருத்தத்தில் புவாத்தின் பெயர் இல்லை. ஆனால் கணினியை ஒழுங்கு செய்தவர் யாரென்று அறியாதவர் சங்கத்தில் ஒருவருமில்லை. அது எழுதும்போதே சிவமணிக்குத் தெரியும்.

"ஐயா, பிழை புவாத்தின்ர இல்லை" என்றார். "திகதி போட்டாத்தான் போகோணும், இல்லாட்டி அனுப்ப முந்தி என்னட்டக் கேக்கோணும் எண்டு அவர் சொன்னவர். நான்தான் வேண்டாமெண்டனான்."

பொன்னம்பலம் உடுத்திருந்த சாரத்தின் நுனியை முழங்காலில் மடித்தார், விரித்தார்.

"ஏன் வேண்டாமெண்டனீர்?"

"சத்தியநாராயணனைவிடக் கெதியா இருக்கோணும் எண்டு."

"ம்." அவர் முகத்தில் சிரிப்பில்லை. "என்னைச் சாகடிச்சதுக்கு நான் கோவிக்கேல்லைப் பிள்ளை. அவன்ர பிழையெண்டு முந்நூறு பேருக்குச் சொல்லிப்போட்டு, என்ர ஒருத்தன்ர காதுக்குள்ள வந்து குசுகுசுக்கிறீர். எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திற்குப் பின் யாரும் சிவமணியை அப்படிக் கேட்டதில்லை. ஒஸ்வால்ட் மரியாதைக்காக வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவமணி கைப்பையைத் துழாவிக் கைபேசியை எடுத்தார். மும்முறை எழுதி, மும்முறை அழித்தார். ‘வருந்துகிறோம்’ என்று முதலில் எழுதியதை ‘வெட்கப்படுகிறேன்’ என்று மாற்றினார். நிபந்தனையை வகுத்தவர் தாமே என்றும், புவாத் எச்சரித்ததைத் தாம் மறுத்ததாகவும், அவர்மீது பழி போட்டதும் தாமே என்றும் எழுதி, அங்கத்தவர் அனைவருக்கும் புவாத்துக்கும் அனுப்பினார்.

சிறிது நேரத்தில் புவாத்திடமிருந்து பதில் வந்தது: ‘சரி அக்கா.’ அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. சிவமணி காத்திருந்து பார்த்தார். இனி வராது என்று தெரிந்தது.

திருத்தங்களைப் பார்க்காதவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை உடுத்து, முச்சக்கரவண்டியிலிருந்து இறங்கும்போதே விம்மத் தொடங்கிய பாலேஸ்வரியை, வாசற் படலையடியில் சிவமணி மறித்தார்.

"அழாதையுங்கோ அக்கா. ஐயா சுகமா இருக்கிறார். நான்தான் பிழையா அனுப்பினனான்."

"கொம்பியூட்டரெல்லே இப்ப அனுப்புறது? அதின்ர பிழையோ?"

"இல்லை. என்ர பிழை."

பாலேஸ்வரி கண்ணைத் துடைத்துவிட்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விலகி, உள்ளே போய்ப் பொன்னம்பலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒழுங்கை முனையில் அடுத்த வண்டி திரும்பியது. சிவமணி படலையை விட்டு அசையவில்லை.