'பி' எங்கம்மா?

போன வருஷம் ஐப்பசி மழை நேரம். திருமானூர் பக்கம் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏற வேண்டுமென்றால், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் நடந்து மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். அன்று காலை நானும் ஆறாவது படிக்கும் என் மகளும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம். முந்தின ராத்திரி அடித்த காற்றிலும் மழையிலும் பாதை முழுக்கச் சேறு.

அவளுக்குக் கணக்கு டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். வழியில் பார்க்கும் பொருள்களில் கோட்டுத்துண்டு எது, கதிர் எது என்று கண்டுபிடித்துப் பேர் வைத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு பக்கமும் முனை இருந்தால் கோட்டுத்துண்டு. ஒரு முனையில் தொடங்கி, மறுபக்கம் முடியாமல் போய்க்கொண்டே இருந்தால் கதிர். இட்லி ஊற்றும்போதிருந்து இதையே கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

வாசலில் கிடந்த விளக்குமாற்றுக் குச்சிக்கு இந்த முனை 'ஏ', அந்த முனை 'பி'. ஆக அது கோட்டுத்துண்டு ஏபி. வேலி மூங்கில் சிடி. காய்ந்த கரும்புத் தோகையைக்கூட அவள் விடவில்லை. கதிர் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. பஸ் போய்விடுமே என்ற எரிச்சலில், "பேரு வச்சது போதும், காலப் பார்த்து வையி" என்று கடிந்துகொண்டேன்.

பாதை திரும்பும் இடத்தில் குறுக்கே ஒரு கம்பி கிடந்தது. எனக்கு ஒரு குணம், கீழே கிடப்பதை விட்டுவிட்டுப் போக மனசு வராது. சணல் கயிறானாலும் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் என்னைக் காயலான் கடை என்றுதான் கேலி செய்வார். வீட்டில் துணி காயப்போடும் கொடி வேறு அறுந்து கிடந்தது. தேடிப் போன மூலிகை காலில் சிக்கிய கதையாக இருக்கிறதே என்று பையை மகளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தேன்.

"இரும்மா, பேரு வச்சுட்டு எடுத்துக்க. இந்த முனை ஏ" என்றவள், கம்பி போகும் பக்கமாகப் பார்த்தாள். "பி எங்கம்மா? காணோமே."

"கரும்புக்குள்ள இருக்கும்டி." என் கைக்கும் கம்பிக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

"இல்லம்மா. மேல போவுது."

நிமிர்ந்து பார்த்தேன். கரும்புத் தோகைக்கு மேலே ஏறி, அந்தரத்தில் தொங்கி, கரண்டு கம்பத்தின் உச்சிவரை போயிருந்தது அந்தக் கம்பி. திரும்பக் கீழே பார்த்தேன். அதன் முனை கிடந்த குட்டையில் தவளைகள் மல்லாந்து மிதந்தன. நீட்டிய கையை மடக்கக்கூடத் தெரியவில்லை. எப்படியோ மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே பின்னுக்கு நகர்ந்தேன்.

மோட்டார் கொட்டகையில் இருந்தவர் எங்களைக் கண்டு என்னவென்று கேட்டு, உடனே கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டார். ஆள் வரும்வரை அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டார். லைன்மேன் சப்ளையை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தார்.

"கரண்டு இருந்துச்சுங்க. நீங்க தொட்டிருந்தா, உங்களத் தூக்க இந்தப் புள்ளையும் வந்து புடிச்சிருக்கும்" என்றார்.

அதுவரை என் உயிரை நினைத்துத்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் என் தலையைத் தடவிக்கொண்டே, "கதிர் கெடச்சிருச்சும்மா" என்றாள், ஏதோ என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

அன்றைக்கு நாங்கள் பஸ் ஏறவில்லை. இப்போதும் வழியில் ஒரு கயிற்றுத் துண்டு கிடந்தால்கூட என் கை தானாக நின்றுவிடுகிறது. 'பி' எங்கே என்று பார்க்காமல் நான் குனிவதில்லை.