ஒற்றைத் தும்மலுக்குப் பேர் கிடையாது

மலாய் நாட்டில், ரெங்கம் கடைத்தெருவில் செங்கல் வைத்துக் கட்டிய மளிகைக் கடை என்னுடையது. அதற்குப் பின்னால் இருக்கிற மாவு மில்லும் என்னுடையது. லாரி வாங்கினேன், ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போனான். சண்டை முடிந்ததும் அதைவிடப் பெரியதாக இன்னொன்று வாங்கினேன். கோயிலுக்கு முன்மண்டபம் போட்டுக் கொடுத்தேன். இத்தனையும் மாட்டுவண்டி ஓட்டிய கை செய்தது. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் காய்ச்சலில் படுத்தார், என் படிப்பும் அவரோடு படுத்துவிட்டது. மிச்ச எழுத்தைக் கடை மூட்டைகளைப் பார்த்துத்தான் கற்றேன். ‘கொத்தமல்லி’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். மற்றதற்குக் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவனுக்குப் போன வெள்ளிக்கிழமை ஒரு தும்மல் வந்தது.

பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் மூலிகைத் தோட்டம் திறக்கிறோம், பெரியவர் நீங்கள் வரவேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். போனேன். நாற்காலி போட்டார்கள், மாலை போடவில்லை. அதை விடுங்கள். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் நொச்சி நிற்கிறது. ஒரு பையன் இலையைக் கசக்கி என் மூக்கின் கீழே நீட்டினான். தும்மிவிட்டேன். ஒன்று தும்மியதும் கையைத் தூக்கியபடி இரண்டாவதுக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. பையன் துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, “தொடைச்சிக்கிங்க தாத்தா” என்றான். நான் எதற்காகக் காத்து நிற்கிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ரப்பர் மரம் பூக்கும் என்பதே இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. மாசியில் காடு முழுக்க இலை கொட்டி, மரமெல்லாம் எலும்பாக நிற்கும். பிறகு செம்புக் காசு நிறத்தில் தளிர் வரும். அதன் காலடியிலேயே பூ. தவிடு அளவு இருக்கும், மஞ்சளாக. தலையில் விழும், தோளில் விழும், பால் வாளியில் விழும். பாலில் மிதந்தால் கணக்கு எழுதுகிற கிராணி கத்துவார். அதே பூ மூக்கில் ஏறினால் கேட்க நாதி கிடையாது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரசருக்குத் தெரிந்தது ஒரே மருந்து, கசப்புத் தண்ணீர். வயிற்று வலிக்கும் அது, காய்ச்சலுக்கும் அது, தும்மலுக்கும் அது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

அந்தக் காலத்தில் இருட்டு விலகுமுன் பெரட்டு நடக்கும். எல்லோரும் வரிசையில் நிற்க, கங்காணி விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேர் விழுந்தால் அன்றைக்கு வேலை உண்டு. பேர் விழாவிட்டால் லயத்து அறைக்குத் திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் கங்காணி சகுனம் பார்க்கிறவர். பேர் கூப்பிடும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் அந்த நாள் உருப்படாது என்பது அவர் எண்ணம். இரட்டைத் தும்மல் என்றால் தோஷமில்லை. ஒற்றையாகத் தும்மியவனுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது.

பூக்காலத்தில் அந்தக் களத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒருத்தன் தும்மிவிட்டால் உயிர் போகிற அவசரத்தில் இரண்டாவதை வரவழைப்பான். மூக்கில் புல்லை விடுவான், முடியைப் பிடுங்குவான், விளக்கையே முறைத்துப் பார்ப்பான். மற்றவர்கள் பந்தயம் கட்டாத குறைதான். பக்கத்தில் நிற்கிற மாரிமுத்து கிசுகிசுப்பான்: “மொளகாப் பொடி வேணுமாடா? என் மடியில இருக்கு, பொண்டாட்டிய வித்துட்டு வா.” சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் முடியாது. இரண்டாவது வந்துவிட்டால் பிள்ளை பிறந்த மாதிரி வரிசையே மூச்சு விடும்.

அஞ்சலை அக்காவுக்கு மட்டும் எப்போதும் மூன்று, ஐந்து, ஏழு என்று வந்து தொலையும். கங்காணி எண்ணிக்கொண்டே நிற்பார். “அஞ்சு. ஒத்தப்படை. போடி லயத்துக்கு.” அவ்வளவுதான். கண் சிவந்து, முகம் வீங்கி, வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவாள். புருஷன் காய்ச்சலில் செத்து அந்த மண்ணிலேயே புதைந்திருந்தான். ஒரு பசுமாடு வைத்திருந்தாள். அவ்வளவுதான் அவள் குடும்பம்.

அந்த வருஷம் ரப்பர் விலை படுத்துவிட்டது. ஆளைக் குறை என்று துரை சொல்லிவிட்டார். பேர் அடிக்கடி விடுபடுகிறவர்களை முதலில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவது என்று ஆனது. பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களில் பாதி லயம் காலி என்று ரயில் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். ரப்பர் தாள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவன் நான், எனக்குச் செய்தி முதலில் வரும். வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஊருக்குப் போயி யாரு வூட்டு வாசல்ல நிக்கிறது தம்பி? எனக்கு இந்த மூக்க அறுத்துப் போடுற வழி ஏதாச்சும் சொல்லு.”

மூக்கை அறுக்காமல் வழி சொன்னவன் நான்தான். ஆயர் ஈத்தாமுக்குச் சட்டி பானை ஏற்றப் போனபோது, கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், ஒருவர் வீட்டு வேலியில் நொச்சி போலவே ஒரு செடி நின்றது. அவர் அதை வேறு பேர் சொன்னார். முகர்ந்து பார்த்தேன், எங்கள் அப்பா சளிக்கு வேது பிடிக்கிற அதே வாசனை. கேட்டதும் அவர் கிளைகளை வெட்டிக் கொடுத்தார். இருக்கட்டும், அவர் வேலியில் சும்மா நின்றது அது. வண்டியில் ஈரச்சாக்கு சுற்றிக் கொண்டுவந்து லயத்துச் சாக்கடை ஓரமாக நட்டு உயிர் பிடிக்க வைத்தவன் நான்.

மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொதிக்க வைத்து, இலையை அள்ளிப் போட்டு, கம்பளியால் மூடி வேது பிடிக்கச் சொன்னேன். முகத்தை ரொம்பக் கிட்டே கொண்டுபோகாதே, வெந்துவிடும் என்றும் சொன்னேன். அதோடு விடவில்லை. பூத்தூள் முடியில் ஏறி, முடியிலிருந்து பாயில் இறங்கி, ராத்திரி முழுக்க மூக்கில் போகிறது என்று கண்டுபிடித்தேன். எந்த டிரசரும் சொல்லித் தரவில்லை. என் மாடுகளைத் தினமும் கழுவிவிடுவேன், அவை தும்முவதில்லை. சீன முதலாளி ஒருவர் தன் மாட்டைக் கழுவமாட்டார், அது தும்மும். அதை வைத்துக் கண்டுபிடித்தேன். காட்டிலிருந்து வந்ததும் தலைக்கு ஊற்று, சேலையை மாற்று, பாயை வெயிலில் உதறு. மரம் சீவும்போது மூக்கு மேல் ஈரத்துணி கட்டு. சாயங்காலம் இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்ட சுடுதண்ணீர் குடி.

“மாட்டு வைத்தியரே,” என்று மாரிமுத்து கும்பிட்டான், “அக்காவுக்கு லாடமும் அடிச்சி வுட்டுருங்க!”

லயமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, சொன்னதைச் செய்தாள். பத்து நாள்கூட ஆகவில்லை, பெரட்டில் கல் மாதிரி நின்றாள். ஏழு போய் மூன்றாகி, மூன்றும் போய் ஒன்றுமில்லாமல் ஆனது. தினமும் பேர் விழுந்தது. சிரித்தவர்களெல்லாம் டின்னைத் தூக்கிக்கொண்டு என் செடிக்கு வந்தார்கள். மாரிமுத்து முதலில் வந்தான், அலமாக், அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கங்காணியே ஆள் அனுப்பி ஒரு கட்டு இலை வாங்கிக்கொண்டு போனார். “யாருகிட்டயும் சொல்லாத” என்று சொல்லி அனுப்பினார். எல்லோரிடமும் சொன்னேன்.

அப்போதுதான், கப்பலுக்கு ஒரு தலை குறைகிறது என்று கங்காணிக்குத் துரையிடமிருந்து நெருக்கடி. அன்றைக்குக் காலையில் அஞ்சலை அக்காவின் பேரைக் கூப்பிட்டார். அவள் “இருக்கேங்க” என்று வாயைத் திறந்தாள். தும்மல் வந்தது.

ஒன்று.

கங்காணி விளக்கைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். “அவசரமில்ல. இன்னொண்ணு வரட்டும், நிக்கிறேன்.” பிரம்பை அக்குளில் வைத்துக்கொண்டு நிஜமாகவே நின்றார். அக்கா மூக்கைச் சுருக்கினாள். விளக்கைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, தும்மல் வரவில்லை. மாரிமுத்து புல்லைக் கொடுத்தான். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை. புல்லை விட்டாள். மூக்கில் ரத்தம் வந்தது, அது மட்டும் வரவில்லை. பழைய அஞ்சலையாக இருந்தால் ஏழு தும்மியிருப்பாள், எட்டும் தும்மியிருப்பாள். வேது பிடித்துப் பிடித்து மூக்கு அவ்வளவு சுத்தம். என் மருந்து அப்படி.

“ஒத்த,” என்றார் கங்காணி. “ஊருக்குப் போயி ரெட்டையாத் தும்மு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரென்று எனக்குத் தெரியும். அவன் பேரன் இப்போது என் கடையில்தான் மாவு வாங்குகிறான்.

ரெங்கம் நிலையத்துக்கு அவளை ஏற்றிப் போனது என் வண்டிதான், வேறு வண்டி அங்கே ஏது? தகரப் பெட்டி ஒன்று, அதன் மேல் ஒரு கட்டு நொச்சி. “கப்பல்ல ரப்பர் பூ இருக்காது அக்கா, எதுக்கு?” என்றேன். “மோந்து பாத்துக்கிட்டாவது கெடக்குறேன்” என்றாள். பசுமாட்டைக் கங்காணி ஓட்டிக்கொண்டு போனார்.

அவள் போனதும் அவருக்கு என் செடி மேல் சந்தேகம். பெரட்டில் தும்மவிடாமல் ஆளை ஏமாற்றுகிற செடி என்று வெட்டி எறியச் சொன்னார். வெட்டினார்கள். அதற்குள் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கொல்லையில் ஊன்றிவிட்டேன். அங்கே கங்காணி அதிகாரம் செல்லாது. டிரசர் அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவரில்லை. வேட்டியைத்தான் அதன் மேல் காயப்போடுவார்.

இப்போது அந்தக் கங்காணி இல்லை, பெரட்டுக் களம் இல்லை, லயத்தை இடித்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டுவிட்டார்கள். பங்குனியில் தலையில் விழ மஞ்சள் பூ இல்லை. ஒற்றையா இரட்டையா என்று எண்ணுகிறவன் நான் ஒருவன்தான் பாக்கி. அந்த ஆஸ்பத்திரி நொச்சிக்குப் பக்கத்தில் கறுப்புக் கல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். டிரசர் ஐயா நட்டு வளர்த்தது என்று வெட்டியிருக்கிறது.

மூலிகைத் தோட்டத்துக் கமிட்டிக்காரர்களே, அந்தக் கல்லைப் பிடுங்குங்கள். புதுக் கல்லுக்கு நானே ஆள் வைக்கிறேன், என் லாரியிலேயே வரட்டும். நட்டது யார் என்று அதில் என் பேர் பெரிதாக இருக்க வேண்டும், வண்டிக்காரன் என்பதும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே அஞ்சலை என்று வெட்டுங்கள். அன்றைக்குக் காலையில் அவள் “இருக்கேங்க” என்று சொல்லத்தான் வந்தாள்.