மிஸ்ஸி வைத்த ஓவியப் பரீட்சை

படம் வரையத் தெரியாதவர்களை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வார்கள் என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். சிரிக்காதீர்கள். என்னிடம் ஆதாரம் இருந்தது.

அம்மா பெரிய வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தார். பாப்பா எங்கே என்று கேட்டதற்கு அப்பா, "பாப்பாவ ஆஸ்பத்திரிலயே வச்சிக்கிட்டாங்கய்யா" என்றார். அதற்கு மேல் நான் வாய் திறப்பதற்குள் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவைக் கேட்கலாமென்றால், அவர் யாரிடமும் பேசுவதையே விட்டிருந்தார். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான்தான் போய் மூடுவேன்.

சில வாரம் கழித்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஸ்கூடாயில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் மாமாவின் கார் வந்து நின்றது. அம்மா முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் சப்பாத்து மாட்டும்போது மாமா குனிந்து காதருகே சொன்னார்:

"ஆஸ்பத்திரில ஒரு மிஸ்ஸி தாளும் கலரும் குடுப்பாங்க. சேட்ட பண்ணாம வரைஞ்சிட்டு வரணும். இல்லன்னா உன்ன அங்கயே வச்சிக்குவாங்க, தெரியுமில்ல?"

தெரிந்துவிட்டது. பாப்பாவிடமும் அந்தத் தாதி ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். பிறந்த குழந்தை என்னத்தை வரையும்?

என் நிலைமையும் அவ்வளவு பிரமாதமில்லை. நான் வரைந்த மாட்டைப் பார்த்து ஓவிய ஆசிரியர், மேசைக்கு ஏன் வால் வைத்தாய் என்று கேட்டிருந்தார். எனக்கு வந்தது ஒரே படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை மரம். எங்கள் தமிழ்ப்பள்ளியில் எல்லாருக்கும் வந்த படம் அதுதான். வழியெல்லாம் நெரிசல். அந்த மலைகளை நான் தொடைமேல் விரலால் வரைந்து வரைந்து பார்த்துக்கொண்டே போனேன்.

"என்னடா சொறிஞ்சிக்கிட்டே வர்ற? சிரங்கா?" என்றார் மாமா.

அறையில் நீளமான மேசை. மலாய்க்கார மிஸ்ஸி எனக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு தாளை வைத்து, மனத்தில் தோன்றுவதை வரையலாம் என்று மலாயில் சொன்னார். இவ்வளவு வஞ்சகமான கேள்வியை நான் எந்தப் பரீட்சையிலும் பார்த்ததில்லை. தலைப்பே கொடுக்காமல் மாட்டிவிடப் பார்க்கிறார். நான் மடமடவென்று மலையைப் போட்டேன், சூரியனுக்குக் கதிர் வைத்தேன். மூத்திரம் முட்டியது. பரீட்சை நடுவில் எழுந்தால் தோல்வி என்று காலைப் பின்னிக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மாவின் தாளைப் பார்த்தேன். கறுப்புக் கிரேயானில் ஒரு வட்டம். அதன்மேலேயே சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். தாள் கிழியும்போல இருந்தது. மலையும் இல்லை, சூரியனும் இல்லை.

"அம்மா, மலை போடுங்கம்மா" என்றேன் மெதுவாக. அவர் காதில் விழவில்லை.

மிஸ்ஸி அலமாரிப் பக்கம் திரும்பிய நேரத்தில் தாளை என் பக்கம் இழுத்தேன். வட்டத்துக்கு மேல் கூரை வைத்து அதை வீடாக்கினேன். மலை, சூரியன், தென்னை எல்லாம் போட்டேன். வாசலில் குச்சி குச்சியாக அப்பா, அம்மா, நான்.

"இப்ப பாஸாயிருவீங்க."

அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மஞ்சள் கிரேயானை எடுத்து, தன் உருவத்தின் கைக்குள்ளே கட்டை விரல் அளவில் ஒரு ஆளை வரைந்தார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "அழிங்கம்மா. அது நம்ம வீட்டுல இல்லியே. மிஸ்ஸி தப்பு போட்டுருவாங்க."

அம்மா மேசையில் முகத்தைக் கவிழ்த்து அழுதார். அப்படியொரு சத்தத்தை அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை. மிஸ்ஸி வந்தார். அடக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்து, முதுகில் கை வைத்துக்கொண்டார்.

தோல்விதான், அம்மாவை வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. என் படத்தை மிஸ்ஸியிடம் தள்ளி, "இனி மாக் பூஞா" என்றேன், இதுதான் அம்மாவுடையது என்று. அம்மாவின் தாளை எடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவுக்குப் பதில் நானே இருந்துவிடுவது என்று முடிவு. அந்தத் தியாகம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மேசைக் காலைக் கட்டிக்கொண்டு, என்னையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அம்மாவைவிடச் சத்தமாக ஊளையிட்டேன். பின்னிய காலும் கைவிட்டது. சிலுவார் நனைந்தது.

வெளியே இருந்த மாமா ஓடி வந்தார். "அலமாக், இவன் எதுக்கு அழுவுறான்?"

அம்மா தலையைத் தூக்கி என் ஈரச் சிலுவாரைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இவனுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வந்தியா?" என்று மாமாவிடம் கேட்டார். பல வாரத்துக்குப் பிறகு நான் கேட்ட அம்மாவின் குரல்.

எங்கள் இருவரையும் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். எல்லாம் நான் போட்ட சூரியனால்தான் என்று நம்பி, அதன்பின் வாராவாரம் அங்கே போய் அதே படத்தை வரைந்து தள்ளினேன். மிஸ்ஸி பாவம், அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பாப்பா பிறந்த அன்றே இறந்துவிட்டது. மாமா காரில் மன வைத்தியத்துக்குக் கூட்டிப் போனது அம்மாவை; படம் வரைவது அந்த வைத்தியத்தில் ஒரு பகுதி. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார். பாப்பாவுக்காக அம்மா முதன்முதலாக அழுதது அந்த மேசையில்தான்.