பாதையில் விழுந்த சோளம்

என் மேசைமேல் ஓர் ஓலைப்பெட்டி இருக்கிறது. இப்போது அதில் மூக்குக்கண்ணாடி கிடக்கிறது. ஒரு காலத்தில் அது என் மதினியின் விதைப்பெட்டி. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய மடத்தனம் நினைவுக்கு வரும். வேதத்தில் ஒரு கதைக்கு ஒரு பொருள்தான் உண்டு, அதுவும் கோவிலில் வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியாராகிய என் நோட்டில்தான் இருக்கிறது என்று முப்பது வயதுவரை நம்பியிருந்தேன்.

அண்ணன் ஞானஸ்நானம் பெற்ற மறு வருடமே காய்ச்சலில் போய்விட்டார். மயிலாடும்பாறைப் பக்கம் அவர் விட்டுப்போன மானாவாரிக் காட்டில் மதினி தன் கையால் விதை வீசுவார், உழவுக்கு மட்டும் ஆள் வைப்பார். கல்லறைத் தோட்டத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஓரிடம் இருந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் அது மதினிக்குக் கிடைக்காது. "குழிக்காக மட்டும் பாடத்துக்கு வாரேன்னு நெனைக்காதீக, கொழுந்தனாரே. கதையும் எனக்குப் புடிச்சிருக்கு" என்பார்.

ஞானஸ்நானத்துக்கு முன் பரீட்சை கேட்க வெளிநாட்டுச் சாமியார் வந்தார். மழைக்கு முந்திய விதைப்புக் காலம். மதினி காட்டிலிருந்து இடுப்பில் பெட்டியோடு நேரே கோவிலுக்கு வந்து நின்றார். விதைக்கிறவன் கதையைச் சொல்லச் சொன்னார் சாமியார். பாதையிலும் பாறையிலும் முள்ளிலும் நல்ல நிலத்திலும் விதை விழுந்ததை மதினி சரியாகச் சொன்னார். "பாதையில் விதை வீணாயிற்றே. விதைத்தவன் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டார் சாமியார். விதைக்கிறவர் ஆண்டவர், விதை வாக்கு என்பதே நோட்டிலுள்ள பதில். இதை நாற்பது முறை மனப்பாடம் செய்வித்திருந்தேன்.

"அவுக எங்களப்போல மானாவாரிக்காரக, சாமி."

நான் குறுக்கே புகுந்தேன். "மதினி, நோட்டுல உள்ளத..." என்றேன்.

"நீங்க என்னைக்குக் காட்டுப்பக்கம் வந்தீக? சும்மா இருங்க" என்றவர், பெட்டியிலிருந்து ஒரு பிடி சோளத்தை அள்ளிக் கோவில் தரையில் வீசினார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். என் வேலைக்கு அடுத்து யார் வருவார் என்று மனதுக்குள் ஆளைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

"கோடையில சனம் நடந்து காட்டுக்குள்ள பாதை விழுந்து கெடக்கும், சாமி. நாங்க அது மேலயும் வீசிட்டுத்தான் ஏர் கட்டுவோம். உழுதா பாதை ஏது? அதுக்குள்ள குருவி பொறுக்குனா பொறுக்கிட்டுப் போகுது. பாறை அடியில கெடக்குறதும் முளைச்ச பெறகுதான தெரியும்? அவுக கவனமில்லாதவுக இல்ல. எந்த எடத்தையும் ஒதுக்காதவுக."

சாமியார் தரையில் கிடந்த சோளத்தைக் குனிந்து பார்த்தார். "இருபது வருடமாக அவனைக் கவனமற்றவன் என்றே பிரசங்கித்தேன், அம்மா" என்று சொல்லி, அங்கியிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

பிற்பாடு மற்றவர்கள் வாசிப்பதையும் கவனித்தேன். பத்திரம் எழுதுகிறவர் எதைப் படித்தாலும் எல்லையைத் தேடுகிறார். வைத்தியரோ ஏட்டில் எழுதாமல் விட்ட பக்குவத்தைத் தேடுகிறார். கிரேக்கமும் லத்தீனும் கற்ற சாமியாருக்குத் தெரியாததைச் சோளம் விதைத்த கை அறிந்திருந்தது. அந்தக் கை எங்கள் வீட்டுக் கை என்று நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. தூணைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகு, கம்பம் பக்கத்தில் நாற்று நடுகிறார்கள். எங்கள் காடு இன்றும் வானம் பார்த்துத்தான் கிடக்கிறது. பெட்டி என்னிடம் இருக்கிறது. மதினி அண்ணன் பக்கத்தில் இருக்கிறார். அன்று பரீட்சைக்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான்: சாமியார் தண்ணீர்ச் செம்பு கேட்டார், நான் தூணை விட்டு வந்து எடுத்துக் கொடுத்தேன், சோளம் சிதறிக் கிடந்த அந்தத் தரையிலேயே மதினிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.