விடுபட்ட திருத்தம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருத்துவ ஆய்விதழ் புதிய பதிப்பகத்துக்கு மாறியபோது, பழைய கட்டுரைகளைப் புதிய இணையதளத்தில் ஏற்றும் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. அங்கே மெய்ப்புப் பார்த்த அக்கா ஒல்லியாக, நரைத்த முடியோடு இருப்பார். எண்களை மட்டும் வாய்விட்டு இரண்டு முறை படிப்பார்.

ஒரு மதியம் அந்தக் குரல் பாதியில் நின்றது.

"இந்தக் குழந்தை மருந்துக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போட்டிருந்தோமே, எங்க?"

தேடினேன். கட்டுரை மட்டும்தான் ஏறியிருந்தது. மருந்தின் அளவு பத்து மடங்கு கூடுதலாக, பழைய தவறோடு அப்படியே நின்றது.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒன்பது நாளா, அக்கா."

பதிப்பகத்துக்கு ஃபோன் போட்டார். ஈமெயில் அனுப்பச் சொன்னார்கள்.

"ஈமெயில் அப்புறம் லா! முதல்ல அந்தப் பக்கத்த மூடுங்க!"

மூடும்வரை அவர் ஃபோனை வைக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனது.

"தப்பிச்சோம், அக்கா" என்றேன்.

"நாம தப்பிச்சோம். அதுக்குள்ள எந்த டாக்டர் படிச்சாரோ?"

அன்று மாலை ரவாங்கில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் போகும்போது, நான் ஏற்றிய மற்ற கட்டுரைகளை ஃபோனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். திருத்தம் இல்லாமல் அந்தக் கட்டுரையை ஏற்றியவன் நான்தான். அது அவருக்கும் தெரியும். வேலை முடியும் நாள்வரை அவர் ஏன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.